அத்தியாயம் 6: யாருக்கு எந்த ஃபோல்டர்

பெரும்பாலான அலுவலகங்களில் பொது ஃபோல்டருக்கு அனுமதி கொடுக்கும் வேலை ஒரு போன் அழைப்பில் முடிந்துவிடுகிறது. யாரோ கேட்கிறார்கள். சிஸ்டம் அட்மின் அவர் பெயரை ஃபோல்டரில் சேர்க்கிறார். வேலை நடக்கிறது. அப்படிச் சேர்த்த பெயரை எடுக்கச் சொல்லி மட்டும் யாரும் போன் செய்வதில்லை. நான்கைந்து ஆண்டுகள் ஓடிய எந்த ஃபைல் சர்வரையும் திறந்து பாருங்கள். வேலையை விட்டுப் போனவர், துறை மாறியவர், இரண்டு மாதம் பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவர் என எல்லோருடைய பெயரும் இன்னும் அங்கேயே இருக்கும்.

இதைச் சரிசெய்யப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸ் சர்வரில் இருக்கும் வசதிகளே போதும். ஆனால் ஒரு கொள்கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அனுமதியை ஆளின் பெயருக்குக் கொடுக்காதீர்கள், அவர் பார்க்கும் வேலைக்குக் கொடுங்கள். எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை அந்தந்தத் துறைத் தலைவர் சொல்லட்டும். அட்மின் அதை நிறைவேற்றினால் போதும். கணினிப் பாதுகாப்பில் ஒவ்வொருவருக்கும் தன் வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதியை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இலேயே தெளிவாக எழுதிவைத்தார்கள். இன்றுவரை அதைவிட நல்ல விதி வரவில்லை.

விளக்குவதற்கு வசதியாக, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அலுவலகத்தில் அறுபது பேர். அக்கவுண்ட்ஸ், மெர்ச்சண்டைசிங், பேட்டர்ன், ஷிப்பிங், எச்.ஆர். என ஐந்து துறைகள். ஒரு விண்டோஸ் சர்வர், அதில் ஆக்டிவ் டைரக்டரி. எல்லாத் துறைகளின் ஃபைல்களும் அந்த சர்வரின் டி டிரைவில் இருக்கின்றன.

முதலில் காகிதம்

சர்வரைத் தொடுவதற்கு முன் ஒரு பெரிய தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஃபோல்டர்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் ‘படிக்க’, ‘திருத்த’, ‘இல்லை’ என்ற மூன்றில் ஒன்று. மேலே ஆட்களின் பெயரை எழுதக் கூடாது. ‘ஜூனியர் மெர்ச்சண்டைசர்’, ‘பேட்டர்ன் மாஸ்டர்’, ‘ஷிப்பிங் உதவியாளர்’ என்றுதான் எழுத வேண்டும்.

காஸ்டிங் ஷீட் ஃபோல்டரை எடுத்துக்கொள்வோம். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி எவ்வளவு, பையருக்குச் சொல்லும் விலை எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். போட்டி நிறுவனத்தின் கைக்குப் போனால் அடுத்த ஆர்டரே போய்விடும். மெர்ச்சண்டைசிங்குக்கு ‘திருத்த’, அக்கவுண்ட்ஸுக்கு ‘படிக்க’. பேட்டர்ன் துறைக்கு? அவர்களிடமே கேட்டால் “இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்பார்கள். எந்தத் துறையும் வேண்டாம் என்று சொல்லாது. எனவே துறைத் தலைவரிடம் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் உங்கள் துறையில் எந்த வேலை நிற்கும்? நிற்கும் வேலை எதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரையும் தாளில் குறியுங்கள். நாளைக்கு யாராவது அனுமதி கேட்டால் அவருடைய ஒப்புதல் எழுத்தில் வர வேண்டும். ஒருவரி மின்னஞ்சல் போதும்.

ஷேர், என்டிஎஃப்எஸ்

நெட்வொர்க்கில் ஒரு ஃபோல்டரைத் திறப்பவர் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். முதலாவது ஷேர் பர்மிஷன். இரண்டாவது, ஹார்டு டிஸ்கிலேயே ஃபோல்டரோடு பதிந்திருக்கும் என்டிஎஃப்எஸ் பர்மிஷன். அடுக்குமாடிக் குடியிருப்பின் வெளி கேட்டும் வீட்டுக் கதவும் போலத்தான். கேட்டில் விட்டாலும் கதவு பூட்டியிருந்தால் உள்ளே போக முடியாது. இரண்டில் எது குறைவாக அனுமதிக்கிறதோ அதுதான் செல்லும்.

ஷேர் பர்மிஷனில் ரீட், சேஞ்ச், ஃபுல் கன்ட்ரோல் என்று மூன்று நிலைகள்தான். அது நெட்வொர்க் வழியாக வருபவரை மட்டுமே கட்டுப்படுத்தும். சர்வரின் முன் நேரடியாக உட்கார்ந்தவரையோ ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தவரையோ அது தடுக்காது. ஆகவே நுணுக்கமான பங்கீட்டையெல்லாம் என்டிஎஃப்எஸ்ஸில் செய்யுங்கள். ஷேர் நிலையில் ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’ குரூப்புக்கு ‘சேஞ்ச்’ கொடுத்து நிறுத்திக்கொள்ளுங்கள். ‘எவ்ரிஒன்’ வேண்டாம், அதில் கெஸ்ட் கணக்கும் அடங்கும்.

ஷேரில் ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்தால் என்ன என்று பல அட்மின்கள் கேட்பார்கள். ஒரு ஃபைலை உருவாக்கியவரே அதன் உரிமையாளர் ஆகிறார். தன் ஃபைலுக்கான பர்மிஷனை மாற்றும் உரிமை உரிமையாளருக்கு எப்போதும் உண்டு. ஷேர் நிலையில் ‘சேஞ்ச்’ மட்டும் இருந்தால் நெட்வொர்க் வழியாக அவரால் அதைச் செய்ய முடியாது. நீங்கள் போட்ட ஒழுங்கு குலையாமல் நிற்கும்.

என்டிஎஃப்எஸ்ஸிலும் ஊழியர்களுக்கு ‘மாடிஃபை’க்கு மேல் தேவையில்லை. படிக்க, எழுத, திருத்த, அழிக்க எல்லாம் அதிலேயே இருக்கிறது. ‘ஃபுல் கன்ட்ரோல்’ கூடுதலாகத் தருவதில் முக்கியமானவை இரண்டு: பர்மிஷனை மாற்றும் உரிமை, ஃபோல்டரின் உரிமையைத் தன் பெயருக்கு எடுத்துக்கொள்ளும் உரிமை. எந்த மேலாளர் கேட்டாலும் இவற்றைக் கொடுக்க வேண்டியதில்லை.

குரூப்தான் எல்லாம்

ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபில் ஒரு தனிமனிதரின் பெயர்கூட இருக்கக் கூடாது. குரூப்கள் மட்டுமே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

ஆக்டிவ் டைரக்டரியில் இரண்டு அடுக்காகக் குரூப் அமைப்பது வழக்கம். முதல் அடுக்கு, வேலையைக் குறிக்கும் குளோபல் குரூப்: ‘மெர்ச்சண்டைசர்’, ‘அக்கவுண்ட்ஸ் ஊழியர்’. இரண்டாவது அடுக்கு, ஃபோல்டரைக் குறிக்கும் டொமைன் லோக்கல் குரூப்: ‘காஸ்டிங்-ரீட்’, ‘காஸ்டிங்-மாடிஃபை’. ஆட்களை வேலை குரூப்பில் சேர்க்க வேண்டும். வேலை குரூப்பை ஃபோல்டர் குரூப்பில் சேர்க்க வேண்டும். ஃபோல்டரில் பதிவது ஃபோல்டர் குரூப் மட்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு சுற்று என்று முதலில் தோன்றும். ஒரு புதிய ஜூனியர் மெர்ச்சண்டைசர் சேரும் நாளில் பலன் தெரியும். அவரை ‘மெர்ச்சண்டைசர்’ குரூப்பில் போட்டால் காஸ்டிங், டெக் பேக், சாம்பிள், ஆர்டர் ஷீட் என எல்லா ஃபோல்டர்களும் ஒரே நொடியில் சரியான அளவில் கிடைத்துவிடும். காஸ்டிங் ஃபோல்டரில் யார் யாருக்குக் கை வைக்கும் உரிமை என்று முதலாளி கேட்டால், இரண்டு குரூப்களைத் திறந்து காட்டினால் போதும். லட்சக்கணக்கான ஃபைல்கள் உள்ள டிரைவில் பர்மிஷன் மாற்றினால் சர்வர் அதை ஒவ்வொரு ஃபைலிலும் எழுதிக்கொண்டே நேரம் எடுக்கும். குரூப்பில் ஆளைச் சேர்ப்பதற்கு அந்தக் காத்திருப்பு கிடையாது.

ஆனால் குரூப்பில் சேர்த்தவுடன் ஒரு போன் வரும் என்று எதிர்பாருங்கள்.

“அண்ணா, ஆக்சஸ் குடுத்துட்டேன்னு சொன்னீங்க. இன்னும் தொறக்கவே மாட்டேங்குது.”

“ஒருதரம் லாக் ஆஃப் பண்ணிட்டு மறுபடி லாகின் பண்ணுங்கம்மா. ஸ்க்ரீனை லாக் பண்ணாப் போதாது.”

ஒருவர் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறார் என்ற பட்டியல் லாகின் செய்யும் நேரத்தில்தான் அவருக்கு வழங்கப்படுகிறது. அதற்குப் பிறகு சேர்த்தது அடுத்த லாகினில்தான் தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் அவசரத்தில் அவர் பெயரை நேரடியாக ஃபோல்டரில் சேர்த்துவிடும் அட்மின்கள் பலர். தனிப்பெயர்கள் நுழைவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

ஆக்டிவ் டைரக்டரி இல்லாத சிறிய அலுவலகத்திலும் இதே முறை நடக்கும். சர்வரிலோ நாஸ் பெட்டியிலோ லோக்கல் யூசர், லோக்கல் குரூப் உருவாக்கி ஒரே அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண விண்டோஸ் 10 அல்லது 11 கணினியையே சர்வராக ஓட்டுபவர்கள், ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் அது ஏற்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஆஃபீஸ்’ என்று ஒரே யூசர் பெயர், ஒரே பாஸ்வேர்டு, அதை நான்கு பேர் பகிர்ந்துகொள்வது என்ற பழக்கம் இருக்கும்வரை இந்த அத்தியாயத்தில் உள்ள எதுவும் பலிக்காது. ஆளுக்கொரு லாகின் இருந்தே ஆக வேண்டும்.

மேலிருந்து இறங்குவது

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உருவாக்கினால் மேலே உள்ள பர்மிஷன் தானாகக் கீழே இறங்கும். இன்ஹெரிட்டன்ஸ் என்று இதற்குப் பெயர். மிகப் பெரிய வசதி. மிகப் பெரிய ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது.

டி டிரைவை ஃபார்மேட் செய்ததும் விண்டோஸ் தானாகவே ‘யூசர்ஸ்’ குரூப்புக்குப் படிக்கும் உரிமையும், புதிதாக ஃபோல்டர் உருவாக்கும் உரிமையும் கொடுத்துவிடுகிறது. டொமைனில் உள்ள எல்லா ஊழியர்களும் அந்தக் குரூப்பில் அடக்கம். டி டிரைவில் நீங்கள் ‘எச்.ஆர்.’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, எச்.ஆர். குரூப்பை மட்டும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். மேலிருந்து இறங்கிய ‘யூசர்ஸ்’ அங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். சம்பளப் பட்டியலை ஷிப்பிங் உதவியாளரும் திறக்கலாம்.

எனவே ஒவ்வொரு துறையின் முதல் நிலை ஃபோல்டரிலும் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி இன்ஹெரிட்டன்ஸைத் துண்டியுங்கள். அப்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: இதுவரை இறங்கியவற்றை இங்கேயே தனிப் பதிவுகளாக மாற்றவா, இல்லை எல்லாவற்றையும் நீக்கவா? முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ‘யூசர்ஸ்’ வரியை மட்டும் கையால் நீக்குங்கள். ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’, ‘சிஸ்டம்’ இரண்டும் இருக்கட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பெயர்களும் ஒரேயடியாகப் போய்விடும். பேக்கப் மென்பொருள்கூட ஃபோல்டருக்குள் நுழைய முடியாமல் தடுமாறலாம்.

இன்ஹெரிட்டன்ஸைத் துண்டிப்பது முதல் இரண்டு நிலைகளோடு நிற்கட்டும். ஐந்தாவது ஆறாவது நிலையில் ஒரு ரகசிய ஃபோல்டர் வேண்டும் என்று யாராவது கேட்டால், அதை மேலே இழுத்துத் தனி ஃபோல்டராக வையுங்கள். ஆழத்தில் துண்டிக்கப்பட்ட ஃபோல்டர்கள் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

‘டினை’ என்ற கட்டத்தைத் தொடவே வேண்டாம். ஒருவர் இரண்டு குரூப்பில் இருந்தால் ஒன்றின் தடை மற்றொன்றின் அனுமதியை அடித்துவிடும். ‘எவ்ரிஒன்’னுக்கு டினை போட்டால் அட்மினுக்கும் கதவு சாத்தப்படும். பெயர் இல்லாவிட்டாலே அனுமதி இல்லை, அதுவே போதுமான தடை.

ஒருவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதை மனக்கணக்காகப் போட்டுப் பார்க்காதீர்கள். அட்வான்ஸ்டு பகுதியில் ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ என்ற டேப் இருக்கிறது. ஊழியரின் பெயரைக் கொடுத்தால் பச்சைக் குறியும் சிவப்புக் குறியுமாகக் காட்டிவிடும்.

ஃபோல்டரைக் காணோம்

“நேத்து சாயந்திரம்வரைக்கும் இருந்துச்சு சார், காலைல பாத்தா காணோம்.” ஃபைல் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் எவரும் கேட்காத புகார் இல்லை இது. தேடினால் பக்கத்து ஃபோல்டருக்குள் கிடக்கும். யாரோ மவுஸை அழுத்தியபடி நகர்த்தியிருப்பார்கள்.

இதைத் தடுக்கலாம். துறை ஃபோல்டரில் ஒரே குரூப்புக்கு இரண்டு வரிகள் போடுங்கள். ஒன்று, ‘இந்த ஃபோல்டருக்கு மட்டும்’ என்ற வரம்போடு: படிக்கலாம், உள்ளே புதிதாக உருவாக்கலாம், ஃபோல்டரை அழிக்க முடியாது. மற்றொன்று, ‘உள் ஃபோல்டர்களுக்கும் ஃபைல்களுக்கும் மட்டும்’ என்ற வரம்போடு ‘மாடிஃபை’. இப்போது உள்ளே எல்லா வேலையும் நடக்கும், துறை ஃபோல்டர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகராது.

நகர்த்துவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபைலை நகர்த்தினால் அது தன் பழைய பர்மிஷனையும் சேர்த்துக்கொண்டே போகும். காப்பி செய்தால்தான் புதிய இடத்தின் பர்மிஷன் கிடைக்கும். எச்.ஆர். ஃபோல்டரிலிருந்து விடுமுறைப் பட்டியலைப் பொது ஃபோல்டருக்கு நகர்த்தினால் எச்.ஆரைத் தவிர வேறு யாராலும் அதைத் திறக்க முடியாமல் போவது இதனால்தான். துறை விட்டுத் துறை போகும் ஃபைல்களைக் காப்பி செய்து, சரிபார்த்துவிட்டு, பழையதை அழிக்கச் சொல்லுங்கள்.

‘ஆக்சஸ் பேஸ்டு எனுமரேஷன்’ என்ற வசதியை ஷேரில் இயக்கிவிடுங்கள். தனக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர் ஊழியரின் கண்ணுக்கே தெரியாது. ‘2025 ஆட்குறைப்பு’ என்ற ஃபோல்டரைத் திறக்க முடியாவிட்டாலும் அதன் பெயரே ஒரு தொழிற்சாலையைக் கலங்கவைக்கப் போதும். ஷேர் பெயரின் கடைசியில் டாலர் குறி போட்டு மறைப்பதைப் பாதுகாப்பாக நினைக்காதீர்கள். பெயர் தெரிந்தவர் தட்டச்சு செய்து நுழைந்துவிடுவார்.

டேலி ஃபோல்டர்

நம் ஊர் அலுவலகங்களில் தனிக் கவனம் தேவைப்படும் ஃபோல்டர் இது. டேலியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது டேட்டா ஃபோல்டர் ஷேர் செய்யப்பட்டு, எல்லோருக்கும் எழுதும் உரிமை தரப்படுகிறது. டேலிக்குள் யூசர் பெயர் வைத்து யார் எந்த வவுச்சரைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு டேலிக்குள் மட்டும்தான். அதே ஊழியர் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் டேட்டா ஃபோல்டரைத் திறந்து முழுவதையும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்யலாம், தெரியாமல் அழிக்கவும் செய்யலாம்.

இதற்கு மூன்று வழிகள். டேலியை ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வரிலேயே ஓடவைத்து, டிரைவ் பார்வையையும் காப்பி வசதியையும் முடக்குவது ஒன்று. ஊழியருக்கு டேட்டா ஃபோல்டரில் நேரடி உரிமை தேவைப்படாத டேலிபிரைம் சர்வரை வாங்குவது இரண்டாவது. இரண்டுக்கும் செலவு ஒத்துவராவிட்டால் குரூப்பை மிகச் சிறியதாக வைத்து, தினசரி பேக்கப்பை அந்த குரூப்பின் கை எட்டாத வேறு இடத்துக்கு அனுப்புங்கள். முதல் வழியே பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

தணிக்கை முடிந்த பழைய ஆண்டுகளின் ஃபோல்டர்களை, ஏற்கெனவே உரிமை உள்ளவர்களுக்கும் ‘ரீட்’ மட்டும் ஆக்கிவிடுங்கள். கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று 2013 கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. பாதுகாக்க வேண்டியதை யாரும் திருத்தத் தேவையில்லை.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ரான்சம்வேர் ஒரு ஊழியரின் கணினியில் நுழைந்தால், அவருக்கு எழுதும் உரிமை உள்ள ஒவ்வொரு ஷேரையும் பூட்டிவிடும். படிக்க மட்டும் உரிமை உள்ளதை அவருடைய லாகினை வைத்து அதனால் பூட்ட முடியாது. 2017 மே மாதம் உலகை ஆட்டிய வான்னாக்ரை, ஃபைல் ஷேரிங்கின் பழைய முதல் பதிப்பான எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகவே பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. உங்கள் சர்வரில் எஸ்எம்பி 1 இன்னும் இயங்கினால் இன்றே நிறுத்துங்கள். பழைய ஸ்கேனர் அதை நம்பியிருந்தால் ஸ்கேனரை மாற்றுங்கள்.

ஆள் மாறும்போது

வேலையை விட்டுப் போகிறவரைப் பற்றி எல்லோருக்கும் நினைவிருக்கும். கடைசி நாளில் அவருடைய கணக்கை முடக்குங்கள், உடனே அழிக்க வேண்டாம். அழித்தால் ஃபோல்டர்களில் அவர் பெயர் இருந்த இடத்தில் ‘எஸ்-1-5-21’ என்று தொடங்கும் நீண்ட எண் மட்டும் மிஞ்சும், அது யாரென்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. முடக்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு சிறிது நேரம் உயிரோடு இருக்கும். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் செஷன்ஸ் என்ற இடத்தில் அவருடைய இணைப்பையும் மூடுங்கள்.

துறை மாறுகிறவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அக்கவுண்ட்ஸிலிருந்து ஷிப்பிங்குக்குப் போனவருக்குப் புதிய குரூப் உடனே கிடைக்கும், ஏனென்றால் அவரே கேட்பார். பழையது போகாது. பத்து ஆண்டுகளில் நான்கு துறை பார்த்த ஒரு மூத்த ஊழியரின் கையில் முதலாளிக்கு இணையான அனுமதி சேர்ந்துவிடுகிறது. அவர் நல்லவராக இருக்கலாம். அவருடைய பாஸ்வேர்டைத் திருடுபவர் நல்லவராக இருக்க மாட்டார். மாறுதல் உத்தரவின் நகல் அட்மினுக்கு வர வேண்டும் என்பதை எச்.ஆரிடம் விதியாகவே போடச் சொல்லுங்கள். வந்தவுடன் பழைய குரூப்பிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் சேர்த்துவிடுங்கள். ஒப்படைப்புக்கு இரண்டு வாரம் இரண்டும் தேவை என்றால், எடுக்க வேண்டிய தேதியை காலண்டரில் குறித்துவிட்டுக் கொடுங்கள்.

அட்மினுக்கும் இந்த விதி உண்டு. மின்னஞ்சல் பார்க்க ஒரு சாதாரண லாகின், சர்வர் வேலைக்கு வேறொரு லாகின். ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்வது ஆபத்து.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை

ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் ஒவ்வொரு ஃபோல்டர் குரூப்பிலும் இருப்பவர்களின் பட்டியலை அச்செடுத்து அதன் பொறுப்பாளரிடம் கொடுங்கள். “இவங்க எல்லாருக்கும் இன்னும் தேவையா, பாத்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.” பெரும்பாலானோர் முதல் பட்டியலைப் பார்த்ததும் திடுக்கிடுவார்கள், பேனாவை எடுத்துப் பெயர்களை அடிப்பார்கள். கையெழுத்திட்ட தாள்களை ஃபைலில் போட்டுவையுங்கள். பையர் அனுப்பும் ஆடிட்டர் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

பெரிய மாற்றம் எதுவும் செய்வதற்கு முன் இப்போதைய பர்மிஷன்களை ஒரு ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐ-சி-ஏ-சி-எல்-எஸ்’ என்ற கட்டளை சேமிக்கவும் உதவும், பிசகினால் பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உதவும். மாற்றத்தைச் சனிக்கிழமை மாலையில் செய்யுங்கள், திங்கள் காலை அலுவலகத்தில் இருங்கள்.

யார் எந்த ஃபைலைத் தொட்டார்கள் என்ற பதிவையும் விண்டோஸ் வைத்துக்கொள்ளும், ஆடிட்டிங்கை இயக்கினால். எல்லா ஃபோல்டருக்கும் இயக்கினால் பதிவுகள் குவிந்து எதையும் தேட முடியாது. சம்பளம், காஸ்டிங் போன்ற இரண்டு மூன்று ஃபோல்டர்களுக்கு மட்டும் வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சீர்செய்ய முடியாது, வேண்டியதும் இல்லை. எச்.ஆர். ஃபோல்டரிலிருந்து தொடங்குங்கள். ஊழியர்களின் ஆதார் நகல், பான் எண், வங்கிப் பாஸ்புக், மருத்துவச் சான்று எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவர்கள் வேலை கேட்டு வந்த நாளில் நம்பிக் கொடுத்த தாள்கள் அவை. அவற்றைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அந்த ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபைத் திறந்து, ‘யூசர்ஸ்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.